டோரதியை அங்கே கூட்டிப்போனது யார்?

குழந்தைகளுக்கான மாயக்கதைகளில் நான் சந்தித்த வில்லன்களிலேயே என்னை அதிகம் கலங்கடித்தவர் ஒரு டாக்டர். அவருக்குக் கோரைப்பல் இல்லை, மந்திரக்கோல் இல்லை. குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார். 1985இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ரிட்டர்ன் டு ஆஸ்’ படத்தில் வரும் டாக்டர் வொர்லிதான் அவர்.

கதை எளிமையானது. சூறாவளியில் சிக்கி ஆஸ் என்னும் மாயநாட்டுக்குப் போய்த் திரும்பிய சிறுமி டோரதிக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பகலெல்லாம் ஆஸ் நாட்டைப் பற்றியும் அங்கே விட்டுவந்த நண்பர்களைப் பற்றியுமே பேசிக்கொண்டிருக்கிறாள். அவளை வளர்க்கும் எம் என்ற அத்தைக்குக் கவலை. புதிதாக வந்திருக்கும் மின்சார வைத்தியம் செய்யும் டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போகிறார். 19ஆம் நூற்றாண்டு முடியப்போகும் காலம் அது. மின்சாரம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

டாக்டர் வொர்லி டோரதியிடம் அன்பாகப் பேசுகிறார். தன் இயந்திரத்தைக் காட்டி, இதற்கும் ஒரு முகம் இருக்கிறது பார், இது கண், இது மூக்கு, இது வாய் என்று விளையாட்டுக் காட்டுகிறார். அவளுக்கு அது பிடித்துவிடுகிறது. அத்தை அவளை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். இரவு வருகிறது. சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, பட்டைகளால் இறுகக் கட்டி, அந்த முகமுள்ள இயந்திரத்தின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எங்கிருந்தோ யாரோ அலறும் சத்தம் கேட்கிறது. இடி விழுந்து மின்சாரம் நின்றுபோவதால்தான் அவள் தப்புகிறாள்.

எல். ஃபிராங்க் பாம் 1904இலும் 1907இலும் எழுதிய இரண்டு ஆஸ் நாவல்களைச் சேர்த்து எடுக்கப்பட்ட படம் இது. அந்த நாவல்களில் டாக்டர் வொர்லி கிடையாது. இயக்குநர் வால்டர் மர்ச்சின் படத்துக்காகவே பிறந்தவர் அவர். டாக்டராக நடித்த நிகோல் வில்லியம்சனே ஆஸ் நாட்டின் கொடிய பாறை அரசனாகவும் வருகிறார். தலைமை நர்ஸாக நடித்த ஜீன் மார்ஷே பிறரின் தலைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியும் இளவரசியாகவும் வருகிறார். மருத்துவமனையில் டோரதியை அச்சுறுத்தியவை எல்லாம் மாயநாட்டில் வேறு உருவம் எடுத்து எதிரே நிற்கின்றன. அங்கே அவற்றோடு அவளால் போரிட முடிகிறது. இங்கே முடியவில்லை.

நான் வளர்ந்த கதைகளில் வில்லன் என்றால் மந்திரவாதி. ‘அம்புலிமாமா’வில் அவனைப் பார்த்திருக்கிறேன். 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யில் எஸ்.வி. ரங்காராவ் நேபாள மந்திரவாதியாக வந்தபோது அந்தத் தலைமுறைக் குழந்தைகள் எப்படிப் பயந்தார்கள் என்பதை என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவன் கெட்டவன் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாடி சொல்லும், சிரிப்பு சொல்லும், கையிலிருக்கும் மண்டையோடு சொல்லும். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளியின் உடம்புக்குள் இருக்கும். கிளியைக் கண்டுபிடித்தால் கதை முடிந்துவிடும். அவன் ஊருக்கு வெளியே, குகைக்குள் வாழ்பவன். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் நம் கையைப் பிடித்து அவனிடம் கொண்டுபோய் விடமாட்டார்கள்.

கெட்ட டாக்டர் அப்படிப்பட்ட வில்லன் அல்ல. அவர் ஊருக்கு நடுவில் இருக்கிறார். சுத்தமான உடை, படித்த பேச்சு, சுவரில் மாட்டிய பட்டம். நம்மை மிகவும் நேசிப்பவர்களே நம்மை அவரிடம் அழைத்துப்போகிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை என் மகன்தான் எனக்குக் காட்டினான்.

அவனுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒரு காலையில் இமைகள் வீங்கியிருந்தன. கொசுக்கடி என்று நினைத்தோம். இரண்டொரு நாளில் முகம், வயிறு, கால் எல்லாம் வீங்கின. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும் நோய். பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையில் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கட்டுப்படும். ஆனால் திரும்பத் திரும்ப வரும். பல குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த நோயுள்ள குழந்தையின் வீட்டாருக்குத் தெரியும். தினமும் காலையில் முதல் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அன்றைய பொழுது நல்லபடி விடிந்தது. பச்சையாக மாறினால் மறுபடி மாத்திரை, மறுபடி இரத்தப் பரிசோதனை, வீக்கம் அதிகமானால் அட்மிஷன், ஆல்புமின் டிரிப்ஸ். அதை ஏற்றுவதற்கு வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட வேண்டும். வீங்கிய குழந்தையின் கையில் நரம்பு கிடைப்பது எளிதல்ல. ஒரு கையில் கிடைக்காவிட்டால் மறு கை, அதிலும் கிடைக்காவிட்டால் கால்.

அந்த நேரத்தில், “அம்மா கொஞ்சம் வெளிய இருங்க” என்று சிஸ்டர் சொல்வார். நான் வெளியே வந்து கதவருகில் நிற்பேன். உள்ளே அவன் என்னைக் கூப்பிடுவது கேட்கும். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். வெளியே அனுப்பப்பட்டதில் என் மனதின் ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு ஊசி குத்துகையில் அவன் என் முகத்தைப் பார்ப்பான், அந்தப் பார்வையை நான் தாங்கவேண்டியிராது என்கிற ஆறுதல்.

எங்கள் கொங்குப் பகுதியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் குழந்தையை அடக்க ஒரே வசனம்தான். “சாப்பிடலீன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்.” வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மிச்சி தன் பேரனிடம் இதைச் சொல்வார். பார்க்க வந்த உறவினர் என் மகனிடமும் சொன்னார். ஊசியும் டாக்டரும் தினசரி வாழ்க்கையாகிவிட்ட ஒரு குழந்தையிடம் ஊசியைத் தண்டனையாகச் சொன்னால் அவன் என்ன புரிந்துகொள்வான்? தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் இவ்வளவு ஊசி என்றுதானே?

இது இன்று தொடங்கிய பழக்கமும் அல்ல. 1840களில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற டாக்டர் இருந்தார். அங்கேயும் அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் டாக்டர் வருவார், புகைபோக்கி துடைப்பவன் வருவான் என்று சொல்லித்தான் வீட்டார் மிரட்டினார்கள். அதனால் நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே அவர் போனாலே குழந்தை அலறும். அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஒரு சிறுவனின் படத்தை வரைந்து, அவனைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பிப்பார். குழந்தையின் அழுகை அடங்கும், அவர் நாடி பார்ப்பார். தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அவர் எழுதி வரைந்த ‘ஸ்ட்ருவெல்பீட்டர்’ 1845இல் அச்சாகி உலகப் புகழ்பெற்றது. கட்டை விரல் சூப்பும் பையனின் விரலைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டும் தையல்காரன் வரும் பயங்கரமான புத்தகம் அது. குழந்தையின் பயத்தைத் தினமும் கண்ணால் பார்த்த டாக்டரே, பயம் நிறைந்த கதையைத்தான் குழந்தைகளுக்குத் தந்தார்.

ஒரு அட்மிஷனின்போது மகன் கேட்டான்: “அம்மா, டாக்டர் கெட்டவரா வர்ற கதை ஒண்ணு சொல்றியா?”

நான் தயங்கினேன். நான் ஒரு பள்ளி நூலகர். குழந்தைகளுக்குக் கதை சொல்வது என் வேலை. யானை, நரி, இளவரசன், பேசும் மரம் என்று எத்தனையோ கதைகள் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கையில் வென்ஃப்ளானோடு படுத்திருக்கும் குழந்தைக்கு, டாக்டர் வில்லனாக வரும் கதையா? என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. “நாளைக்குக் காலைல ரவுண்ட்ஸ் வருவாங்க. இவன் அவங்களப் பாத்து அலறுனா என்ன பண்றது?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனாலும் சொன்னேன். கேட்டவன் அவன். எதற்காகக் கேட்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

டோரதியின் கதையைச் சொன்னேன். தூக்கம் வராத சிறுமி, முகமுள்ள இயந்திரம், பட்டை கட்டிய கட்டில், இடி, இருட்டு, தப்பித்து ஓட வழிகாட்டும் இன்னொரு சிறுமி, ஆற்றில் விழுந்து மிதந்துபோய் ஆஸ் நாட்டில் கண்விழிப்பது, பேசும் கோழி பிலினா. பாறை அரசனுக்குக் கோழிமுட்டை விஷம் என்பதால் அவன் அழிந்துபோகும் இடத்தில் மகன் ஊசி போட்ட கையை மறந்து தட்டப்போனான். மின்சார இயந்திரம் அவனைப் பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். அவன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கட்டிலைப் பற்றியும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டோரதியோட அத்தை நல்லவங்கதான? அப்பறம் ஏம்மா அங்க உட்டுட்டுப் போனாங்க?”

அவங்களுக்குத் தெரியாது கண்ணு, நல்லாயிடும்னு நம்பித்தான் விட்டுட்டுப் போனாங்க என்றேன்.

“டோரதிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல, என்ன பண்ணப்போறாங்கன்னு?”

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. படத்தைப் பலமுறை பார்த்தும் எனக்குத் தோன்றாதது அது. டாக்டர் வொர்லி ஒரு சிறுமியைத் தெருவிலிருந்து பிடித்துக்கொண்டு போகவில்லை. எம் அத்தை வண்டி கட்டிக் கூட்டிவந்தார். அவர் அன்பில் பொய் இல்லை. ஆனால் டோரதியின் தலைக்குள் மின்சாரம் பாயப்போகிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, உனக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை. நேசிப்பவர்களின் அந்த மௌனம் இல்லாமல் டாக்டர் வொர்லியால் ஒன்றுமே செய்திருக்க முடியாது. கதையில் எனக்கான இடம் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவுக்கு வெளியே நிற்கும் எம் அத்தை நான்.

அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பிலிப் புல்மன் 1995இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலை இருவருமாக வாசித்தோம். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை வாசித்துவிட்டு நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அந்த உலகத்தில் ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் ஒரு விலங்காக உடம்புக்கு வெளியே, அவன் கூடவே நடமாடும். குழந்தைகளின் விலங்குகள் நினைத்தபடி உருமாறும். வயது வந்த பிறகு ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். வடக்கே பனிப்பாலையில் போல்வாங்கர் என்ற இடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. கடத்திவரப்பட்ட குழந்தைகளை அங்கே வைத்து, அவர்களையும் அவர்களின் விலங்கையும் வெட்டிப் பிரிக்கிறார்கள் டாக்டர்கள்.

போல்வாங்கரில் யாரும் குழந்தைகளை அடிப்பதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, படுக்கை கதகதப்பாக இருக்கிறது. எடை பார்க்கிறார்கள், அளவெடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். நர்ஸுகள் மென்மையாகப் பேசுகிறார்கள். அந்த மென்மையில் உயிர் இல்லை, ஏனென்றால் அவர்களும் வெட்டப்பட்டவர்கள். பெயர் கூப்பிட்டுக் கூட்டிப்போகும் குழந்தை திரும்பி வருவதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அங்கிருந்து வெளியேறிய டோனி என்கிற சிறுவன், தன் விலங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடப்பதைக் கதாநாயகி லைரா காண்கிறாள். அந்தப் பக்கத்தை வாசித்த இரவு நாங்கள் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

இந்த நிலையத்தின் பின்னால் இருப்பவர் திருமதி கோல்ட்டர். அவர் லைராவின் தாய். லைராவையே வெட்டும் கத்திக்குக் கீழே கொண்டுவந்துவிட்ட நேரத்தில் அவர் பதறி ஓடிவந்து நிறுத்துகிறார். பிறகு மகளைச் சமாதானப்படுத்துகிறார். இது குழந்தைகளின் நன்மைக்குத்தான், சின்னதாக ஒரு வெட்டு, அவ்வளவுதான் என்கிறார். லைரா விடவில்லை. அவ்வளவு நல்லதென்றால் எனக்குச் செய்யவிடாமல் ஏன் தடுத்தாய் என்று கேட்கிறாள். தாயிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை.

என் மகன் கேட்டதும் லைரா கேட்பதும் ஒரே கேள்விதான். இரண்டுமே டாக்டரை நோக்கிய கேள்விகள் அல்ல. கூட்டிவந்தவரை நோக்கிய கேள்விகள்.

இவையெல்லாம் எழுத்தாளர்களின் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. மின்சாரத்தால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்மையிலேயே புழக்கத்தில் இருந்தன. மூளைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் சிகிச்சை 1938இல் இத்தாலியின் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்களால் தொடங்கப்பட்டது. தொடக்க காலத்தில் மயக்க மருந்து இல்லாமலே கொடுத்தார்கள். இன்று மயக்க மருந்தோடும் தசைகளைத் தளர்த்தும் மருந்தோடும் முறையாகத் தரப்படும் அதே சிகிச்சை கடும் மனச்சோர்விலிருந்து பலரை மீட்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்த மருந்துகள் இல்லாமல் மின்னதிர்ச்சி தருவதைத் தடைசெய்திருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தருவதையும் தடைசெய்து, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் பெற்றோரின் சம்மதத்தோடும் வாரியத்தின் முன்அனுமதியோடும் தரலாம் என்கிறது. அதே மின்சாரம்தான். கேட்டுச் செய்தால் வைத்தியம், கேட்காமல் செய்தால் கொடுமை.

அம்மாவை வெளியே அனுப்பும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டன் மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்க வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதுதான் காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவருக்கு அந்த அமைதியில் சந்தேகம் வந்தது. 1952இல் அவர் ஒரு ஆவணப்படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் படம் அது. அவள் பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மெல்ல மெல்ல வாடிப்போகிறாள். அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959இல் பிரிட்டன் அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழந்தையின் அமைதி, குழந்தை தேறிவிட்டதற்கு அடையாளமல்ல என்பதை மருத்துவ உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது. போல்வாங்கரின் சத்தமில்லாத வார்டுகளை வாசிக்கும்போது எனக்கு அந்தச் சிறுமியின் நினைவுதான் வந்தது.

டோரதியின் கதைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில நடைமுறைகள் மாறின. பரிசோதனைக்குப் போகும் நாளன்று “சும்மா டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்” என்று சொல்வதில்லை என நானும் கணவரும் முடிவெடுத்தோம். இன்றைக்கு இரத்தம் எடுப்பார்கள், வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று முன்கூட்டியே சொன்னோம். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று யாரேனும் சொன்னால், இல்லை, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வலிக்கும் என்று அவன் எதிரிலேயே திருத்தினேன். வென்ஃப்ளான் போடும்போது நான் உள்ளே இருக்கிறேன் என்று கேட்டேன். மறுத்த சிஸ்டர்களும் உண்டு. “நீங்க அழக் கூடாதுங்க, அவ்வளவுதான்” என்று சொல்லி நாற்காலி இழுத்துப்போட்டவர்களும் உண்டு. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவைக்க வேண்டும் என்று ஒரு இளம் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவசரமில்லாத நாட்களில் அதைக் கேட்டு வாங்கித் தடவினோம்.

அவன் அழுகை நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஊசி ஊசிதான், அழுதான். ஆனால் அழுகையின் தன்மை மாறியது. முன்பு கதவைத் தாண்டும்போதே தொடங்கும் அலறல், ஊசி குத்தும்போது மட்டும் வரும் அழுகையாகச் சுருங்கியது. வலிக்கப்போகிறது என்றால் அம்மா சொல்லிவிடுவாள் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அதனால் அம்மா ஒன்றும் சொல்லாத நாட்களில் பயப்படத் தேவையில்லை. உண்மை சொல்வதால் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். பொய் சொல்லும் வீட்டில் எல்லா நாளும் ஊசி நாள்தான்.

ஸ்டீராய்டு தின்று கன்னம் உப்பிப்போய், பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தபோது அவனே மாத்திரையை நிறுத்திவிடப் பார்த்தான். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் நிறுத்திவைத்திருக்கும், அதனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவனைப் பார்த்துவந்த குழந்தைகள் நல மருத்துவர் இதை என்னிடம் சொல்லாமல் அவனிடம் சொன்னார். ஸ்டூலை இழுத்து அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, தாளில் இரண்டு சிறுநீரகத்தையும் அதன் மேல் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பியையும் வரைந்து காட்டினார். “உனக்கு என்ன கேக்கணுமோ கேளு தம்பி” என்றார். “இது எப்ப முழுசா சரியாகுங்க டாக்டர்?” என்று கேட்டான். “எப்பன்னு எனக்குத் தெரியாது. பெரும்பாலான பிள்ளைங்களுக்குச் சரியாயிருக்கு” என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு அவன் பயப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “இவர் வொர்லி இல்லம்மா” என்றான்.

கெட்ட டாக்டர் கதைகள் குழந்தைக்கு மருத்துவர்கள் மேல் அவநம்பிக்கையை விதைக்கும் என்பவர்களுக்கு என் பதில் அவனுடைய அந்த ஒரு வாக்கியம்தான். வில்லனைத் தெரிந்ததால்தான் அவனால் நல்லவரை அடையாளம் காண முடிந்தது. வொர்லியிடம் இயந்திரம் இருக்கிறது, இவரிடம் ஊசி இருக்கிறது. இருவருமே மென்மையாகத்தான் பேசுகிறார்கள். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? ஒருவர் மறைக்கிறார், இன்னொருவர் சொல்கிறார். ஒருவரிடம் கேள்வி கேட்க முடியாது, இன்னொருவர் கேட்கச் சொல்கிறார். இந்தப் பாடத்தை நான் எத்தனை முறை உபதேசமாகச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு ஏறியிருக்காது. கதை ஒரே இரவில் சொல்லிக்கொடுத்தது. மருத்துவமனைக்குள் மட்டும் பயன்படும் பாடமும் அல்ல இது. இனிப்பாகப் பேசி, அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லும் எந்தப் பெரியவரையும் ஒரு குழந்தை இதே அளவுகோலால் அளந்துவிடலாம்.

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசை. டாக்டரை வில்லனாக்குங்கள், தவறில்லை. ஆனால் அவரது கொடுமையை முகத்தழும்பிலோ, கூன் முதுகிலோ, ‘பைத்தியக்காரச்’ சிரிப்பிலோ வைக்காதீர்கள். அப்படி எழுதினால் தழும்புள்ளவரையும் மனநோயாளியையும் கண்டு குழந்தை பயப்படக் கற்றுக்கொள்ளும், வொர்லி போன்றவரிடம் ஏமாந்துபோகும். தடுப்பூசியையும் மருந்தையும் தீமையின் சின்னமாக்காதீர்கள். தீமை ஊசிமுனையில் இல்லை. ஒரு குழந்தையை மனிதராக மதிக்காமல் பொருளாக நடத்தும் மனதில் இருக்கிறது. புல்மன் அதை எழுதினார். வால்டர் மர்ச் அதைக் காட்டினார். படம் வெளியானபோது குழந்தைகளுக்கு இவ்வளவு பயங்கரம் தேவையா என்று கேட்டார்கள், வசூலிலும் தோற்றது. ஆனாலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் மறக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989இல் உருவானது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அது காதுகொடுத்துக் கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோருடையது. ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இருக்கிறது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சோறு ஊட்டவும் தூங்கவைக்கவும் டாக்டரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். வலிக்கும் என்றால் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தைக்கு ஊசி போடும் அறையில், உங்களால் முடியும்வரை, அதன் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். கெட்ட டாக்டரின் கதையைக் குழந்தை கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கதை முடிந்ததும் அது கேட்கும் கேள்விக்கு, அந்தக் கேள்வி உங்களை நோக்கியே வந்தாலும், உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.